நாலு மீட்டர் கார்... நம்ம வீட்டுக் கணக்கு!

புதுக் கார் வாசலில் வந்து நின்றதும், பார்க்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் புதுவயலிலும் ஒன்றேதான்: “லிட்டருக்கு எவ்வளவு கொடுக்குது?”

பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டி விற்கும் காலத்தில் இந்தக் கேள்வியில் தவறே இல்லை. ஆனால், இந்த ஒரு கேள்வியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஷோரூமுக்குள் நுழையும் நடுத்தரக் குடும்பங்கள் தங்களுக்குப் பொருந்தாத காரை, தாங்காத கடனில் எடுத்துக்கொண்டு வருவதைப் பார்க்கும்போது மனம் பதைக்கிறது. கார் எவ்வளவு கொடுக்கும் என்று கேட்பதற்கு முன், நம் வீட்டில் அது வருஷத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று கேட்க வேண்டும். மைலேஜ், விலை, கடன், எரிபொருள் எல்லாம் இந்த ஒரு கேள்விக்குப் பின்னால்தான் வர வேண்டும்.

இதைப் பேச இப்போது ஒரு காரணம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதன் மேல் விதிக்கப்பட்டிருந்த செஸ் வரியும் போய்விட்டது. பெட்ரோல் காருக்கு 1 சதவீத செஸ்ஸையும் சேர்த்து 29 சதவீதமாக இருந்த வரி 18 ஆகும்போது, வாங்குகிறவர் கையில் ஏறக்குறைய எட்டரை சதவீதம் விலை குறைகிறது. வரிக்குறைப்பை ஒட்டி அறிவிக்கப்பட்ட ஷோரூம் விலைகளில் மாருதி ஆல்டோ கே10 சுமார் 3.70 லட்சம், ரெனோ குவிட் 4.30 லட்சம், டாடா டியாகோ 4.57 லட்சம், செலேரியோ 4.70 லட்சம், வேகன் ஆர் 5 லட்சத்துக்குச் சற்றுக் கீழே என்று தொடங்கின. இவை அடிப்படை மாடல்களின் விலை. அன்றன்றைய விலையை ஷோரூமில் கேட்டுக்கொள்வது நல்லது. ஸ்கூட்டரிலும் டவுன் பஸ்ஸிலும் காலம் தள்ளிய பல குடும்பங்கள் முதல் முறையாகக் கார் பற்றிப் பேசத் தொடங்கியிருக்கின்றன.

கானாடுகாத்தானும் நாலு மீட்டரும்

‘சிறிய கார்’ என்றால் என்ன என்று இந்திய வரிச் சட்டம் சொல்லும் அளவுக்கும் இந்த மண்ணுக்கும் ஒரு தொடர்பு உண்டு. கானாடுகாத்தானில் பிறந்து, 2004-ல் சிவகங்கைத் தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்று நிதியமைச்சரான ப.சிதம்பரம், 2006 பிப்ரவரி 28 அன்று வாசித்த பட்ஜெட்டில் சிறிய கார்களின் உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். எது சிறிய கார் என்பதற்கு அப்போது வகுத்த எல்லை இது: நீளம் 4,000 மில்லிமீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் 1,200 சி.சி.க்குள், டீசல் என்றால் 1,500 சி.சி.க்குள். ஏறக்குறைய 20 ஆண்டுகள் கழித்து வந்த ஜி.எஸ்.டி. குறைப்பிலும் அதே நாலு மீட்டர், அதே 1,200, அதே 1,500.

அந்த ஓர் அறிவிப்பு இந்திய சாலைகளின் தோற்றத்தையே மாற்றியது. ஸ்விஃப்ட்டில் இருந்த 1,300 சி.சி. பெட்ரோல் இன்ஜின் போய் 1,200 சி.சி. வந்தது. முதலில் 4,160 மில்லிமீட்டர் நீளத்தில் வந்த ஸ்விஃப்ட் டிசையர், 2012-ல் டிக்கியை வெட்டிச் சுருக்கிக்கொண்டு 3,995-ல் வந்து நின்றது. டாடா இண்டிகோ சி.எஸ். அதற்கும் முன்பே, 2008-ல் அதைச் செய்திருந்தது. சென்னைக்குப் பக்கத்தில் மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு ஈகோஸ்போர்ட்டும் இந்த எல்லைக்குள் அடங்கும்படிதான் 2013-ல் வந்தது. இன்றைக்கு எந்த ஷோரூமில் நுழைந்து விவரத்தாளைப் புரட்டினாலும் 3,995 என்ற எண் திரும்பத் திரும்பக் கண்ணில் படும்.

இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. வரி அளப்பது நீளத்தையும் இன்ஜின் கொள்ளளவையும்தான். எவ்வளவு எரிபொருள் குடிக்கிறது என்பதை அது கேட்பதே இல்லை. 1,200 கிலோவைத் தாண்டிய எடையும் உயரமான முகமும் டர்போ இன்ஜினும் கொண்ட எஸ்.யு.வி.யும், அதைவிட நானூறு கிலோவுக்கு மேல் எடை குறைந்த ஆல்டோவும் ஒரே 18 சதவீதத்தில் நிற்கின்றன. எனவே, ‘சின்னக் கார், வரி குறைஞ்சிருக்கு’ என்ற பேச்சைக் கேட்டு உள்ளே போகிறவர் வெளியே வரும்போது பத்து லட்ச ரூபாய் வண்டிக்கு முன்பணம் கட்டிவிட்டு வருவதற்கு எல்லா வாய்ப்பும் இருக்கிறது. விற்பனையாளர் பெரிய மாடலைத்தான் முதலில் காட்டுவார். வாங்குகிறவர்தான் வாசலிலேயே தன் எல்லையை முடிவு செய்துகொண்டு போக வேண்டும்.

நம் ஓட்டம் எவ்வளவு?

காரைக்குடியில் ஒரு குடும்பத்தின் கார் எங்கெல்லாம் போகும்? சென்னை 400 கிலோமீட்டருக்கு மேல். அதற்குப் பல்லவன் ரயில் இருக்கிறது, இரவுப் பேருந்துகள் இருக்கின்றன. பெரும்பாலோர் சென்னைக்குக் காரை எடுப்பதில்லை. மேலூர் வழியே மதுரை ஏறக்குறைய 90 கிலோமீட்டர். பெரிய ஆஸ்பத்திரிக்கும் துணிமணிக்கும் அங்கே போகிறார்கள். திருமயம், புதுக்கோட்டை வழியே திருச்சியும் அதே அளவு தூரம்தான். சிங்கப்பூரிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ பிள்ளைகள் வந்து இறங்கும் விமான நிலையம் அங்கே. மற்றபடி பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, சொந்த ஊரில் முன்னோருக்கு ஒரு படைப்பு, பக்கத்து ஊரில் ஒரு கல்யாணம், என்றைக்காவது ஒரு நாள் நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களையும் சுற்றி வருவது.

கூட்டிப் பார்க்கலாம். மாதம் ஒரு தடவை மதுரை, ஒரு தடவை திருச்சி என்றால் போக வர 360 கிலோமீட்டர். உள்ளூரும் சுற்று வட்டாரமும் ஒரு 230. ஆக, மாதம் 600-க்குள். வருஷத்துக்கு 7,000 கிலோமீட்டர். ஆசிரியராகவோ வங்கி ஊழியராகவோ தினமும் சிவகங்கைக்கோ புதுக்கோட்டைக்கோ காரில் போய் வருகிறவருக்கு இது மூன்று மடங்காகும். பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டில் இரண்டு பெரியவர்கள் மட்டும் என்றால் 3,000-ஐத் தாண்டாது. இந்த மூன்று வீட்டுக்கும் ஒரே காரைப் பரிந்துரைக்க முடியாது.

இனி மைலேஜுக்கு வருவோம். விளம்பரத்தில் வரும் எண், புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிலையங்களில், காரைச் சுழலும் உருளைகள் மீது நிறுத்தி, ஏ.சி. போடாமல், வகுக்கப்பட்ட வேகங்களில் சுமார் 20 நிமிடம் ஓட்டி எடுக்கப்படுவது. அதில் உச்ச வேகம் 90. சராசரி வேகம் 32 கிலோமீட்டர் அளவுக்குத்தான் வரும். எல்லாக் கார்களையும் ஒரே தராசில் வைப்பதற்காக ஏற்பட்ட சோதனை அது. கத்திரி வெயிலில் ஐந்து பேரும் டிக்கி நிறையச் சீர்ப் பலகாரமும் ஏ.சி.யுமாகத் திருப்பத்தூர் சாலையில் போகிற காரை அது அளக்கவில்லை. என் அனுபவத்தில், விளம்பர எண்ணில் கால் பங்கைக் கழித்துவிட்டால் ஏமாற்றம் இருக்காது.

செலேரியோவின் மேனுவல் மாடல் ஒன்றுக்குச் சொல்லப்படும் மைலேஜ் 25.24. ஆல்டோ கே10-க்கு 24.39. இந்த வித்தியாசத்தை வைத்து ஷோரூமில் அரை மணி நேரம் வாதம் நடக்கும். கால் பங்கைக் கழித்து, லிட்டர் 101 ரூபாய் என்று வைத்து, 7,000 கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டால், இரண்டுக்கும் இடையே வருஷத்துக்கு 13 லிட்டர், அதாவது 1,300 ரூபாய்தான் வித்தியாசம். ஒரு தடவை டேங்க்கைப் பாதி நிரப்பும் காசு. 25 கொடுக்கும் காரையும் 20 கொடுக்கும் காரையும் ஒப்பிட்டாலும் வருஷத்துக்குப் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டாது. அந்தப் பத்தாயிரத்தைச் சின்னத் தொகை என்று நான் சொல்லவில்லை. ஆனால், அதை மிச்சம் பிடிக்க ஒரு லட்சம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்து உயர்ந்த மாடல் எடுத்தால், போட்ட பணம் திரும்ப வரவே பத்து வருஷம் ஆகும்.

எந்தக் காரை வாங்கினாலும் பெட்ரோலை அதிகம் தின்பது வேகம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 80-ல் போகும் கார் 100-ஐத் தொட்டால் எதிர்ப்பு விசை ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. காரைக்குடியிலிருந்து மதுரைக்கு இந்த வேகத்தால் மிச்சமாகும் நேரம் கால் மணியைத் தாண்டுவதில்லை. டயரில் காற்றுக் குறைந்தாலும் மைலேஜ் இறங்கும். அதோடு நம் பகுதிச் செம்மண் புழுதி ஏர் ஃபில்டரைச் சீக்கிரம் அடைத்துவிடும். கிராமத்துச் சாலைகளில் அதிகம் ஓடுகிற காருக்குப் புத்தகத்தில் சொன்ன கெடுவுக்கு முன்பே அதைத் திறந்து பார்க்கச் சொல்ல வேண்டும்.

எத்தனாலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல், பெட்ரோலில் இருப்பதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழைய பெட்ரோலுக்காக வடிவமைக்கப்பட்ட நான்கு சக்கர வாகனங்களில் 6 முதல் 7 சதவீதம் வரை மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக் வெளியிட்ட 2021-ம் ஆண்டுத் திட்ட அறிக்கையே சொன்னது. பழைய கார் வாங்குகிறவர்கள் ரப்பர் குழாய்களும் கேஸ்கட்டுகளும் இந்தப் பெட்ரோலைத் தாங்குமா என்று மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.

கேஸா, கரண்டா?

பத்து வருஷம் முன்னால் இந்தக் கட்டுரையை எழுதியிருந்தால் பாதி டீசலைப் பற்றியே இருந்திருக்கும். டீசல் டிசையரும் இண்டிகாவும் ஓடாத ஊர் இங்கே கிடையாது. 2020 ஏப்ரல் 1 அன்று பி.எஸ்.6 விதி வந்ததும் மாருதி டீசலையே கைவிட்டது. இந்த விலையில் டீசல் கார் என்று பேச இன்று எதுவும் இல்லை. அந்த இடத்துக்கு சி.என்.ஜி. வந்திருக்கிறது.

கிலோவுக்கு 34 கிலோமீட்டர் என்று கேட்டதும் ஆசை வருவது இயல்பு. அதற்கும் கணக்கு உண்டு. சி.என்.ஜி. மாடலுக்குப் பெட்ரோல் மாடலைவிடச் சுமார் 90 ஆயிரம் கூடுதல் என்று வைப்போம். கேஸ் கிலோ 90 ரூபாய், பெட்ரோல் 101 என்றால் நிஜ ஓட்டத்தில் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் சொச்சம் மிச்சமாகும். 90 ஆயிரத்தை மீட்க 43 ஆயிரம் கிலோமீட்டர் ஓட வேண்டும். மாதம் 4,000 கிலோமீட்டர் ஓட்டும் கால் டாக்சிக்காரர் அதை ஒரே வருஷத்தில் எடுத்துவிடுவார், அவருக்கு சி.என்.ஜி.யைவிட நல்ல முடிவு இல்லை. 7,000 கிலோமீட்டர் குடும்பத்துக்கு ஆறு வருஷம் ஆகும். அந்த ஆறு வருஷமும் டிக்கியின் பெரும்பகுதியை சிலிண்டருக்குக் கொடுத்துவிட்டு, வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகளின் பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு திருச்சியிலிருந்து வர வேண்டும். டாடா டியாகோவில் ஒரு பெரிய சிலிண்டருக்குப் பதிலாக இரண்டு சிறிய சிலிண்டர்களை அடியில் படுக்கவைத்து இடம் மிச்சம் பிடித்திருக்கிறார்கள். அது நல்ல யோசனை. எப்படியானாலும், கேஸ் பங்க் நம் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், வரிசை எவ்வளவு நீளம் என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

மின்சாரக் கார் பற்றிப் பேசும்போது காரைக்குடிக்காரர்களுக்குத் தனிப் பெருமையே உண்டு. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் இங்கே வந்தது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ல், பொங்கல் நாளில், அன்றைய துணைக் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். ஊர்க்காரர்கள் ‘சிக்ரி’ என்று அழைக்கும் அந்த நிலையம், தானே உருவாக்கிய லித்தியம் அயன் பேட்டரித் தொழில்நுட்பத்தை 2018-ல் ஒரு தனியார் நிறுவனத்துக்கு வழங்க ஒப்பந்தம் செய்தது. மின்சாரக் காரின் விலையில் பெரும்பகுதி பேட்டரிதான். அந்தப் பேட்டரி நம் நாட்டிலேயே, நம் ஊர் அறிவிலிருந்து மலிவாக வர வேண்டும் என்பது என் மனப்பூர்வமான ஆசை.

இன்றைய கணக்கு என்ன? டியாகோ மின்சாரக் காரில் 19.2, 24 யூனிட் என இரண்டு அளவுகளில் பேட்டரி. நிஜ ஓட்டத்தில் ஒரு யூனிட்டுக்கு ஏழெட்டு கிலோமீட்டர் என்று வைத்தால், பெரிய பேட்டரியில் 180 கிலோமீட்டர் அளவுக்கு வரும். மதுரை போய்த் திரும்பச் சரியாக அந்தத் தூரம்தான். நடுவில் எங்காவது சார்ஜ் போட இடம் பார்த்துவைக்காமல் கிளம்ப முடியாது. உள்ளூர் ஓட்டத்துக்கும் தேவகோட்டை, புதுக்கோட்டை தூரத்துக்கும் தாராளம். ஓட்டச் செலவு கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் சொச்சம்; பெட்ரோலில் இது ஐந்தரைக்கு மேல். சென்னை அடுக்குமாடிக்காரர்கள் சார்ஜருக்கு இடம் தேடி அலையும்போது, தன் வாசல், தன் கொட்டகை, தன் மீட்டர் என்று இருப்பது நமக்கு வசதி. ஆனால், கரண்ட் பில்லைக் கவனிக்க வேண்டும். 7,000 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு இரண்டு மாதப் பில்லில் சுமார் 160 யூனிட் கூடும். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும். தினமும் 60, 70 கிலோமீட்டர் போய் வருகிற ஆசிரியருக்கு மின்சாரக் கார் லாபம். வாரம் ஒருமுறை எடுக்கிற வீட்டுக்கு, கூடுதலாகக் கொடுத்த பணம் எளிதில் திரும்பாது.

மைலேஜுக்காக விட்டுக்கொடுக்கக் கூடாதது

லேசான கார் குறைவாகக் குடிக்கும். அதே லேசான கார் மோதும்போது உள்ளே இருப்பவர்களை எப்படிக் காக்கும் என்ற கேள்வியை நாம் கேட்பதே இல்லை. 2023-ல் குளோபல் என்கேப் அமைப்பு வெளியிட்ட மோதல் சோதனை முடிவுகளில் ஆல்டோ கே10-க்கு, பெரியவர்களின் பாதுகாப்பில் ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். வேகன் ஆருக்கு ஒன்றே ஒன்று. டியாகோ 2020-ல், அன்றைய விதிப்படி நடந்த சோதனையில் நான்கு பெற்றது. 2024-ல் வந்த புதிய டிசையர் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. மாருதி கார் ஒன்று அந்த இடத்தைத் தொட்டது அதுதான் முதல் முறை.

2025-ல் ஆல்டோ கே10, செலேரியோ, வேகன் ஆர் ஆகிய கார்களின் எல்லா மாடல்களிலும் ஆறு ஏர்பேக் வந்திருப்பது வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால், ஏர்பேக்கின் எண்ணிக்கையும் உடற்கூட்டின் உறுதியும் வெவ்வேறு. கூடு நசுங்கினால் பை மட்டும் காப்பாற்றாது. நம் கார் பயணத்தில் பாதிக்கு மேல் நெடுஞ்சாலையில் நடக்கிறது. எதிரே வருவது மணல் லாரியும் பேருந்தும். ஊருக்குள் மட்டும் ஓடும் காருக்கு இதை ஓரளவு தளர்த்தலாம். மதுரைக்கும் திருச்சிக்கும் குடும்பத்தோடு போகிற காருக்கு, லிட்டருக்கு மூன்று கிலோமீட்டர் குறைவாகக் கொடுத்தாலும் உறுதியான கூடு உள்ள காரை எடுங்கள் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்வேன். அந்த மூன்று கிலோமீட்டரின் விலை வருஷத்துக்கு ஐந்தாறாயிரம். பின் இருக்கையில் பெல்ட் போடும் பழக்கத்துக்கு அந்தச் செலவும் இல்லை.

வயதானவர்கள் உள்ள வீடுகளில் இருக்கையின் உயரமும் முக்கியம். முழங்கால் வலிக்கிற ஆச்சி, தாழ்ந்த காரில் குனிந்து உட்கார்ந்து, பிறகு கையை ஊன்றி எழும்புவது பெரிய பாடு. வேகன் ஆர் இத்தனை ஆண்டுகளாக இங்கே விற்பதற்கு, 1,675 மில்லிமீட்டர் உயரமுள்ள அதன் கூரையும், நாற்காலியில் உட்காருவதுபோல் நேராக உட்கார முடிவதும் பெரிய காரணம். அதன் நட்சத்திரம் ஒன்று என்பதையும் மேலே சொல்லிவிட்டேன். இரண்டையும் எடைபோட வேண்டியவர் வாங்குகிறவர். டெஸ்ட் டிரைவுக்கு மகன் மட்டும் போய் வருவது போதாது. காரில் அதிகம் உட்காரப்போகிற பெரியவரை ஷோரூமுக்கு அழைத்துப் போய், நாலு தடவை ஏறி இறங்கச் சொல்ல வேண்டும்.

கிளட்ச் இல்லாத ஏ.எம்.டி. கியர் 2014-ல் செலேரியோ மூலம் மலிவுக் கார்களுக்கு வந்தது. மைலேஜ் குறையும் என்ற பயம் பலரிடம் இன்னும் இருக்கிறது. விளம்பர எண்ணிலேயே மேனுவலைவிட ஏ.எம்.டி. சற்று அதிகமாகத்தான் கொடுக்கிறது. அறுபதைத் தாண்டியவர் தானே ஓட்டப்போகிறார் என்றால், அதற்கான ஐம்பதாயிரத்துக்கு யோசிக்க வேண்டாம்.

வட்டியில் போகும் மைலேஜ்

பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய ஊர்களுக்கு வட்டியைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பள்ளத்தூரிலிருந்து பர்மா சென்ற முருகப்பச் செட்டியாரின் வழிவந்த குழுமம்தான் 1949-ல் சைக்கிள் தொழிற்சாலையைத் தொடங்கியது. வாகனக் கடனில் இன்று நாடெங்கும் கிளை விரித்திருக்கும் சோழமண்டலம் நிறுவனமும் அதே குழுமத்தினுடையது. இப்படிப்பட்ட மண்ணில், மாதத் தவணை எவ்வளவு என்று மட்டும் கேட்டுக் கையெழுத்துப் போடுவதைப் பார்க்கிறேன்.

5 லட்சம் கடன், 9 சதவீத வட்டி. ஐந்து வருஷத் தவணை என்றால் மாதம் 10,379 ரூபாய். ஏழு வருஷமாக நீட்டினால் 8,045 ரூபாய்தான்; கேட்க இதமாக இருக்கிறது. மொத்த வட்டியைப் பாருங்கள்: முதலாவதில் 1.23 லட்சம், இரண்டாவதில் 1.76 லட்சம். கூடுதலாகப் போகும் 53 ஆயிரம், 20 கொடுக்கும் காரை விட்டு 25 கொடுக்கும் காரை எடுத்ததால் ஐந்து வருஷத்தில் சேரும் பெட்ரோல் மிச்சத்தை அப்படியே விழுங்கிவிடுகிறது.

ஷோரூம் விலைக்கு மேல் வருவதையும் முன்பே கேட்டு வாங்க வேண்டும். தமிழகத்தில் 2023 நவம்பரிலிருந்து சொந்தக் காருக்கான ஆயுள் வரி, 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18. ஐந்தரை லட்ச ரூபாய் காருக்கு இந்த வரி மட்டும் 71,500. புதுக் காருக்கு மூன்று வருஷ மூன்றாம் நபர் காப்பீடும் கட்டாயம். இன்ஷூரன்ஸை ஷோரூமிலேயே எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. வெளியில் நாலு இடத்தில் விலை கேட்டால் சில ஆயிரங்கள் குறையும். டெஃப்லான் பூச்சு, சீட் கவர், ‘ஹேண்ட்லிங்’ என்று பில்லில் ஏறும் ஒவ்வொரு வரியையும் வேண்டாம் என்று சொல்ல வாங்குகிறவருக்கு உரிமை உண்டு.

வருஷத்துக்கு 3,000 கிலோமீட்டர் மட்டும் ஓடும் வீட்டுக்கு என் யோசனை வேறு. ஐந்தரை லட்ச ரூபாய் கார் பத்து வருஷத்தில் ஒன்றரை லட்சத்துக்கு விற்றால், தேய்மானமே வருஷத்துக்கு 40 ஆயிரம். இன்ஷூரன்ஸ், சர்வீஸ், டயர் எல்லாம் சேர்த்தால் 65 ஆயிரத்தைத் தொடும். பெட்ரோல் ஊற்றுவதற்கு முன்பே கிலோமீட்டருக்கு 20 ரூபாய்க்கு மேல் விழுகிறது. அந்தப் பணத்துக்கு, ஊரில் தெரிந்த டிரைவரை அழைத்து டாக்சியில் போய்வரலாம். போட்டுவைத்த காரின் பேட்டரி இறங்கும், கொட்டகையில் எலி ஒயரைக் கடிக்கும். அவசரத்துக்கு வாசலில் வண்டி நிற்க வேண்டும் என்பவர்கள் ஐந்தாறு வருஷம் ஓடிய நல்ல செகண்ட் ஹேண்ட் காரை, மெக்கானிக்கை உடன் அழைத்துப் போய்ப் பார்த்து எடுக்கலாம். அப்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கம்பெனி நாட்டை விட்டுப் போன கார் மலிவாகக் கிடைக்கும். செவ்ரோலே 2017-ல் விற்பனையை நிறுத்தியது, ஃபோர்டு 2021-ல் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது, டட்சன் 2022-ல் மூடப்பட்டது. அருமையான கார்கள் அவற்றில் உண்டு. ஆனால், ஒரு சின்ன ஸ்பேருக்காகக் கார் வாரக்கணக்கில் டிங்கர் ஷெட்டில் நிற்கும் நிலை, நோயாளி உள்ள வீட்டுக்கு ஆகாது.

எந்தக் கார், எப்போது?

இத்தனைக்கும் பிறகு, எதை வாங்கலாம் என்று சொல்லாமல் விட்டால் சரியாக இருக்காது. வெளியூர்ப் பயணம் அதிகமுள்ள 7,000 கிலோமீட்டர் குடும்பத்துக்கு, மைலேஜில் பின்தங்கினாலும் டியாகோ பெட்ரோல் என் முதல் தேர்வு. ஒன்றரை லட்சம் கூடுதலாகக் கடனில்லாமல் போட முடிந்தால் டிசையர். அதில் உறுதியும் 24-க்கு மேல் மைலேஜும் பெரிய டிக்கியும் சேர்ந்து கிடைக்கின்றன. ஊருக்குள்ளும் பக்கத்து ஊர்களுக்கும் மட்டும் என்றால் செலேரியோ அல்லது வேகன் ஆர், ஏ.எம்.டி.யோடு. தினமும் நீண்ட தூரம் போய் வருகிறவருக்கு மின்சாரம். வாடகைக்கு ஓட்டுகிறவருக்கு சி.என்.ஜி.

வாங்கும் மாதமும் பணம்தான். ஆடியிலும் மார்கழியிலும் நம் பக்கம் யாரும் புது வண்டி எடுப்பதில்லை. அந்த மாதங்களில்தான் ஷோரூம்காரர்கள் இறங்கி வருவார்கள். ஆடியில் விலை பேசி முன்பணம் கொடுத்து, ஆவணி பிறந்ததும் எடுக்கலாம். தள்ளுபடி பேசிய தேதிக்கா, பில் போடும் தேதிக்கா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மார்கழி சற்றுச் சிக்கலானது. தை பிறந்ததும் வண்டி எடுப்பவருக்குப் போன வருஷம் தயாரான வண்டியைத் தள்ளிவிட வாய்ப்பு உண்டு. நாளைக்கு விற்கும்போது ஆர்.சி.யில் உள்ள தயாரிப்பு ஆண்டைப் பார்த்துத்தான் விலை சொல்வார்கள். ஒரு வருஷம் பழசு என்று எடுத்த எடுப்பிலேயே முப்பது நாற்பதாயிரம் குறையும். ஆகவே, பணம் முழுவதும் கட்டுவதற்கு முன் சேஸிஸ் எண்ணைக் கேட்டு, தயாரிப்பு மாதத்தையும் ஆண்டையும் சரிபாருங்கள். பழைய ஆண்டு வண்டி என்றால் அந்த முப்பது நாற்பதாயிரத்தை இன்றைக்கே விலையில் கழிக்கச் சொல்லுங்கள். மறுத்தால், புது ஆண்டு வண்டி வரும் வரை காத்திருங்கள்.